ஒரு வினைச்சொல்லை வெட்டியபோது

சபையின் ஆண்டறிக்கையில் கடைசி வரி "தேவனுடைய ராஜ்யத்தைக் கட்டுவோம்" என்றிருந்தது. "ராஜ்யத்தை நாம் கட்டுவதாக வேதத்தில் எங்கும் இல்லை, ஐயா. அந்த வார்த்தையை எடுத்துவிடலாம்" என்றேன். செயலர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இத்தனை வருஷமாக நாங்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறோம், பாஸ்டர்?"

"சாட்சி சொல்கிறோம்" என்று உடனே பதில் சொன்னேன். அந்த வேகம்தான் இன்றும் உறுத்துகிறது.

வார்த்தையை எடுத்தது தவறில்லை. புதிய ஏற்பாட்டில் ராஜ்யம் வருகிறது, சமீபிக்கிறது. மனிதர் அதைத் தேடுகிறார்கள் (மத்தேயு 6:33), சிறுபிள்ளையைப்போல் ஏற்றுக்கொள்கிறார்கள் (மாற்கு 10:15), அதற்குள் பிரவேசிக்கிறார்கள். பிதா அதைக் கொடுக்கிறார் (லூக்கா 12:32). கட்டுதல் சபைக்கு உரிய சொல். அங்கேயும் கட்டுபவர் இயேசு: "என் சபையைக் கட்டுவேன்" (மத்தேயு 16:18). அடுத்த வசனத்திலேயே பரலோகராஜ்யத்தின் திறவுகோல்கள் வருகின்றன. திறவுகோல் வைத்திருப்பவர் வீடாகிவிடுவதில்லை. நான்கு சுவிசேஷங்களில் 'சபை' என்ற சொல் மத்தேயுவில் மட்டும், அதுவும் 16:18, 18:17 ஆகிய இரண்டே இடங்களில் வருகிறது. ராஜ்யமோ இயேசுவின் முதல் பிரசங்கத்திலேயே இருக்கிறது (மாற்கு 1:15).

குழப்பத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். 'ராஜ்யம்' என்றதும் எல்லையும் நிலமும் மனதில் எழுகின்றன; நிலம் என்றால் விரிவாக்கலாம், சுவர் எழுப்பலாம். 'பசிலேயா' என்ற கிரேக்கச் சொல்லில் ஆளுகை என்ற பொருளே முன்னால் நிற்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் வேத மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்று எழுதியது இதை நன்றாகக் காட்டுகிறது. ஆட்சியை யாரும் செங்கல் வைத்துக் கட்டுவதில்லை. சபையும் ராஜ்யமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், ஆள் எண்ணிக்கை கூடுவதே தேவனுடைய ஆளுகை கூடுவதாகத் தோன்றும். சபைக்குள் நடக்கும் அநியாயத்தைத் தட்டிக்கேட்பது ராஜ்யத்துக்கு எதிரான கலகமாகிவிடும். ராஜ்யத்தை மனுஷர் பிரவேசியாதபடி பூட்டுகிறீர்கள் என்று மத்தேயு 23:13இல் இயேசு கண்டித்தது வேதமறிந்தவர்களைத்தான். ஆகவே அந்தத் திருத்தம் தேவைப்பட்டது.

ஆனால் செயலர் இலக்கணம் கேட்கவில்லையே. தன் உழைப்புக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டார். அதற்கு வேதத்தில் நேரான பதில் இருக்கிறது. கொலோசெயர் 4:11இல் பவுல் தன்னோடிருந்த சிலரை "தேவனுடைய ராஜ்யத்தின்பொருட்டு என் உடன்வேலையாட்கள்" என்கிறார். கட்டுபவர்கள் என்று சொல்லவில்லை, ஆனாலும் வேலையாட்கள். மாற்கு 4:26-29இல் உள்ள விதை உவமையும் அப்படியே. நிலம் தானாய்ப் பலன் கொடுக்கிறது, மனிதனுக்கு அது எப்படியென்று தெரியாது. ஆனால் விதைத்தவன் அவன்தான், அரிவாள் எடுப்பவனும் அவன்தான். 'தானாய்' என்ற சொல்லைப் பிரசங்கத்தில் அழுத்துவது எளிது. விதைப்பதும் அறுப்பதும் அந்த அழுத்தத்தில் காணாமல் போகின்றன.

'சாட்சி' என்றதும் பொய்யல்ல. அப்போஸ்தலர் 1:6இல் சீஷர்கள் ராஜ்யத்தைக் குறித்துக் கேட்டபோது 1:8இல் கிடைத்த பதில் அதுவே. ஒருவேளை இயேசுவிடமிருந்து வரும்போது அது அனுப்பும் வார்த்தையாகவும், நம் வாயில் வாதத்தை முடிக்கும் வார்த்தையாகவும் ஆகிவிடுகிறதோ என்னவோ.

அறிக்கை "ராஜ்யத்துக்குச் சாட்சியாயிருப்போம்" என்றே அச்சானது. கொலோசெயர் 4:11ஐ செயலரிடம் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.