வெப் ஃபிரேம்வொர்க்கை டெப் பேக்கேஜாகக் கட்டும்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரி லேபில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு வைத்திருந்தால், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பை அது சிஸ்டம் பைத்தானில் கைவைக்க விடாது என்பது தெரிந்திருக்கும். தனியாக ஒரு பைத்தான் சூழல் அமைக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒரு வழிதான். ஆனால் ஒரு பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க் எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பில் வேண்டுமென்றால், டெபியன் நேரடியாக நிறுவும் வடிவமான டெப் பேக்கேஜ்தான் நிம்மதி.

டெபியன் என்ற ஃபோல்டருக்குள் முக்கியமாக நான்கு ஃபைல்: கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட். பைத்தான் பேக்கேஜ்களைக் கட்டித் தரும் பைபில்டைக் கூப்பிட்டால், கட்டும் கட்டளைகள் உள்ள ரூல்ஸ் மூன்றே வரியில் முடிந்துவிடும். மூன்றாவது வரி டேப்பில் தொடங்க வேண்டும். எடிட்டர் அதை ஸ்பேஸாக மாற்றிவிட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று, ரூல்ஸை இயக்கும் மேக் அங்கேயே நின்றுவிடும். பாதிப் பேர் முதல் நாளை இதிலேயே தொலைக்கிறார்கள்.

உண்மையான தலைவலி, ஃபிரேம்வொர்க்கோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜாவாஸ்கிரிப்ட். ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சுருக்கிய ஃபைல் மட்டும் இருந்து அதன் மூல நிரல் இல்லையென்றால், பேக்கேஜைச் சோதிக்கும் லிண்டியன் பிழை காட்டும். காப்பிரைட்டில் ‘ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூடட்’ பகுதியில் அதைச் சேருங்கள். மூல நிரலை இறக்கித் தரும் யூஸ்கேன், அந்த ஃபைல் இல்லாமல் டார்பாலை (மூல நிரலின் சுருக்கிய தொகுப்பை) திரும்பக் கட்டித் தரும். மூலப் பதிப்பு எண்ணின் வாலில் டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் சுதந்திர மென்பொருள் வழிகாட்டுதல்களின் சுருக்கம்) என்று வரவேண்டும். டெபியனிலேயே இருக்கும் ஜேகுவரி பேக்கேஜைச் சார்பாகக் குறித்து, பழைய இடத்தில் அதைச் சுட்டும் சிம்லிங்க் போட்டால் போதும்.

பில்ட் நேரத்தில் இன்டர்நெட்டைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி. வெளியே போகும் டெஸ்ட்கள் விழும். அவற்றை மட்டும் விலக்குங்கள். மொத்த டெஸ்டையும் அணைப்பது சோம்பேறித்தனம்.

ஃபெடோரா லினக்ஸுக்கு டெபியன் ஃபோல்டருக்குப் பதில் ஸ்பெக் ஃபைல், சுத்தமான தனிச் சூழலில் பேக்கேஜைக் கட்டும் எஸ்பில்டுக்குப் பதில் மாக். தொல்லைகள் ஏறக்குறைய இவையேதான்.

கட்டிய டெப் பேக்கேஜை, பேக்கேஜ் களஞ்சியம் அமைக்கும் ரெப்ரெப்ரோவால் லேப் சர்வரில் வைத்து, அதன் முகவரியையும் கையொப்பச் சாவியையும் ஒவ்வொரு மெஷினிலும் ஒருமுறை சேர்த்துவிட்டால், டெபியனின் நிறுவியான ஆப்ட் உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும்.