கனெக்டிகட்டில் கடித்தது, சிங்கப்பூரில் வீங்கியது

சிங்கப்பூரில் காய்ச்சல், உடம்பு வலி என்று போனால் முதலில் டெங்கியா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே அதுதான் அதிகம், அதில் தப்புச் சொல்ல முடியாது. ஜூன் விடுமுறைக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய கொஞ்ச நாளில் எனக்கும் காய்ச்சல் வந்தது. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கி இல்லை, ஏதோ வைரஸ் என்று பனடோலும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலும் போய்விட்டது.

அந்தச் சமயம் தொடையின் பின்பக்கம் கன்றிப்போன மாதிரி ஒரு பெரிய தடம் இருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்றுதான் வீட்டுக்காரர் கேட்டார். அது உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் தடம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. லைம் நோய் என்று தேடினால் வருகிற படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பாக, நடுவில் புள்ளி, சுற்றி வளையம். நம் நிறத்தில் அது சிவப்பாகவே தெரியாது, வளையமும் பல பேருக்கு வருவதில்லை, சிலருக்குத் தடமே வராது. கடிக்கிற உண்ணியோ கசகசா அளவுதான், கடித்தால் வலிக்கவும் செய்யாது.

பல மாதம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. பெரிதாக வலி இல்லை, ஆனால் மடக்க முடியாது. அப்புறம் தொடங்கியது அலைச்சல். யூரிக் அமிலம் பார்த்தார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள், மூட்டிலிருந்து நீர் எடுத்தார்கள், ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார், அம்மா தினமும் முடக்கத்தான் தோசை ஊற்றினார். பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி நிபுணருக்குக் காத்திருக்கும் நாட்களில் லிஃப்ட் பழுதானால் வேலைக்கே போக முடியாது. படிவங்களில் பயணம் பற்றிய கேள்வி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது கேட்பது கடந்த சில வாரங்களைப் பற்றி. முழங்காலைப் பார்த்து ‘போன வருடம் எங்கே போனீர்கள்’ என்று யார் கேட்பார்கள்?

கடைசியில் ஒரு இளம் மூட்டு நிபுணர் கேட்டார். கனெக்டிகட் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், லைம் நோயாக இருக்கலாம் என்றார். அன்று இரவு அண்ணியிடம் சொன்னால், “ஐயோ, எங்க நாய்க்கே வருஷா வருஷம் அதுக்குத் தடுப்பூசி போடுறோமே!” என்கிறார். (மனிதர்களுக்கும் ஒன்று இருந்தது, 2002-ல் நிறுத்திவிட்டார்கள். நாய்க்கு இருக்கிறது.) லைம் என்பதே அந்த மாநிலத்து ஊர்தான். 1970களில் அங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்கியபோது தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சியே தொடங்கியது.

ரத்தப் பரிசோதனை இரண்டு கட்டம். அது கிருமியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது ஊற சில வாரம் ஆகும். அதனால் காய்ச்சல் அடித்தபோதே எடுத்திருந்தாலும் நெகட்டிவ் என்றே வந்திருக்கலாம். அந்த நேரத்தில் நோயைப் பிடிக்க வேண்டுமானால் தடத்தையும் பயணத்தையும் வைத்துத்தான் பிடிக்க முடியும். முழங்கால் வரைக்கும் வந்த பிறகு சந்தேகமே இல்லாமல் பாசிட்டிவ்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், தினம் இரண்டு வேளை, 28 நாள். பாலோடு சேர்த்தால் மருந்து சரியாக ஏறாது என்பதால் மாத்திரை நேரத்தில் தே தாரேக் கிடையாது, பால் சேர்க்காத தே ஓ தான். வெயில் பட்டால் தோல் எரியும் என்பதால் இந்த ஊர் வெயிலில் எம்ஆர்டி ரயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வீக்கம் வடிந்துவிட்டது. சோர்வு மட்டும் போகவில்லை, மத்தியானம் ஆனால் தலையில் மூட்டம் போட்ட மாதிரி இருக்கும், ஆபீசில் கேட்டால் அதான் மருந்து முடிஞ்சுதே என்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி நீடிப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கும் வெளிநாட்டு கிளினிக் விளம்பரங்களைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த நீண்ட கோர்ஸை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் நிலைத்த பலன் தெரியவில்லை, பக்க விளைவுதான் தெரிந்தது. திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பதிலும் அர்த்தமில்லை, குணமான பிறகும் வருடக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

முழங்கால் மறுபடி வீங்கினால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை வீங்கவில்லை.