கவுன்சலிங் அறையில் வீட்டுப்பாடம்

எனக்கு அழுகை வரவே இல்லை. அதனால் இதை மனச்சோர்வு என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. உடம்பெல்லாம் வலி. சீரியல் ஓடும், கதை மண்டையில் ஏறாது. "திருச்செந்தூர் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்" என்றார் மாமியார். போய் வந்தோம். குடும்ப டாக்டர் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார், எதிலும் குறையில்லை. மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். புதுக்கோட்டையில் வேண்டாம், தெரிந்தவர் கண்ணில் படும் என்று என் வீட்டுக்காரர் திருச்சிக்கு அழைத்துப் போனார்.

அங்கே மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும், ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். பிஎச்க்யூ-9 என்று பெயர். கேட்டிருக்கும் தொந்தரவு கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. ஓரளவு கடுமையான நிலை என்றார்கள். கடைசிக் கேள்வி சாவு பற்றிய எண்ணம். பேனா அங்கே நின்றுவிட்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல், "செத்துடலாம்னு தோணுதா? அதுக்கு வழி ஏதாவது யோசிச்சீங்களா?" என்று கேட்டார். முதலாவதுக்கு ஆமாம், இரண்டாவதுக்கு இல்லை என்றேன். இதை இவ்வளவு சாதாரணமாகக் கேட்கவும் சொல்லவும் முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மாத்திரை தந்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, பேச்சு மூலம் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நான் கல்யாணக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று போனால், "நேத்து காலையில எழுந்ததிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் என்ன பண்ணீங்கம்மா?" என்று கேட்டார். முக்கால்வாசி மணி நேரத்துக்குப் பதில் "படுத்திருந்தேன்". ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார்: செய்த வேலை, செய்யுமுன் மனநிலை, செய்த பின் மனநிலை. பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். முதல் வேலை மாடியில் இருக்கும் மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. முன்னால் 2, பின்னால் 3. இதற்கா ஃபீஸ் கட்டினோம் என்று ஆத்திரமாக வந்தது.

"மனசு சரியானதும் செய்யலாம்னு இருக்கீங்க. செஞ்சாத்தான் மனசு நகரும்" என்றார் அவர். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள் இந்த முறையை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்து பலன் கண்ட ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

எண்ணங்களை எழுதும் கட்டம் பிறகுதான் வந்தது. ஹாஸ்டலில் இருக்கும் மகள் போனை எடுக்கவில்லை. "நான் அவளுக்குப் பாரம்" என்று எழுதியிருந்தேன். "வேற என்ன காரணம் இருக்கலாம்?" என்று கேட்டார். கிளாஸ், சார்ஜ் இல்லை, தூக்கம்... நானே அடுக்கினேன். 'பாசிட்டிவா யோசி' என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லச் சொந்தக்காரர்கள் போதாதா?

நடுவில் சில வாரம் ஒன்றும் நகரவில்லை, போகவே பிடிக்கவில்லை. அதையும் அவரிடமே சொன்னேன், அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசினோம். தூக்கம்தான் முதலில் திரும்பியது. பசி அப்புறம்.

கடைசி அமர்வில், மறுபடி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பட்டியல் போட்டோம். தங்கை போனை எடுக்காமல் விடுவது, தலை வாராமல் இருப்பது. "உப்புப் பார்க்காமலே குழம்பை இறக்குறதையும் எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். இவர் இதையெல்லாம் கவனித்திருக்கிறாரா!

தனியாரில் பார்க்க வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416. எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.