நீளத்தை விடுங்கள், அகலம் எவ்வளவு?

"பெரிய வேட்டை மீன் வளர்க்கலாம்னு இருக்கேன்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது தொட்டியின் அகலத்தைத்தான். நீளம், உயரம், எத்தனை லிட்டர் எல்லாம் டக்கென்று வரும். அகலம் என்றதும் யோசிப்பார்கள். விரல் நீளக் குஞ்சாக வந்த சில்வர் அரோவானா என்ற வேட்டை மீனை முழு வளர்ச்சிக்குக் கொண்டுவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அது திரும்புவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீரின் மேல்மட்டத்திலேயே நேராக வரும். கண்ணாடிக்குச் சற்று முன்னாலேயே தலையை வளைக்கும். உடம்பு முழுக்க ரிப்பன் மாதிரி மடங்கிப் பின்னால் வரும். மீசை இரண்டும் கண்ணாடியில் படாமல் திரும்பினால் இடம் போதும். ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு திரும்பினால் மீசை சேதமாகும், செதில் உதிரும். வீட்டுத் தொட்டியிலேயே இது இரண்டு, இரண்டரை அடி வளரும். அதனால் நான் 3 அடி அகலத்துக்குக் குறையவே கூடாது என்பேன். 8 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 1,700 லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் 1.7 டன். தரை தாங்குமா என்று கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டிக்கே சொல்ல வேண்டும். மூடியும் கனமாக இருக்கட்டும். தண்ணீருக்கு மேலே கிளையில் இருக்கும் பூச்சியைத் தாவிப் பிடிக்கிற மீன் இது.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்" என்று சொல்லி விற்கிறார்களே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்மைதான். அழுக்குத் தண்ணீரிலும் நெருக்கடியிலும் உடம்பு நலிந்துபோய் நிற்கிறது. முதுகெலும்பு கோணும், ஆயுளும் குறையும்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் மீனை வளர்ப்பதே இதுதான். வேட்டை மீன் தின்பது முழுக்கப் புரதம், அதனால் வெளியே விடும் அமோனியாவும் அதிகம். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். சாதாரண ஃபில்டரின் வேலை அத்தோடு முடிந்தது. சேர்ந்துபோன நைட்ரேட்டை வெளியேற்ற நாம்தான் தண்ணீர் மாற்ற வேண்டும். நான் வாரம் தவறாமல் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, சூடும் தொட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனை தண்ணீரை வாளியில் சுமக்க முடியாது. குழாய், பம்ப், வடிகால் மூன்றுக்கும் வழி செய்துவிட்டுத் தொட்டியை வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

இரையாக உயிருள்ள கோல்டுஃபிஷ் போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். நோய் வரும் என்பது ஒரு பக்கம். அதில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்றால் மீன் தளர்ந்துவிடும். குஞ்சிலேயே மிதக்கும் பெல்லட்டுக்கு, அதாவது உருண்டைத் தீவனத்துக்கு, பழக்குவதுதான் நல்லது. ஆரோக்கியமான குஞ்சாக இருந்தால் ஓரிரு நாள் பட்டினி போட்டு, இறால் துண்டோடு கலந்து போடுங்கள். முதலில் வாயில் வாங்கித் துப்பும். துப்பட்டும், விட்டதை எடுத்துவிட்டு மறுநாள் மறுபடி போடுங்கள். முழுசாக வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலே தாராளம்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ்? வேண்டாம். கையளவு கூட இல்லாத அந்த அழகுக் குஞ்சு நான்கடி வளரும். அராபைமா அதற்கும் மேல், இரண்டு மீட்டரைத் தாண்டும். வளர்ந்த பிறகு வாங்கிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். ஆற்றில் விட்டால் அங்கே இருக்கும் மீன்களுக்கு ஆபத்து.

வேட்டை மீன் ஒன்றை முழுசாக வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருந்தால் ஆஸ்கர் மீன் வாங்குங்கள். ஓரடி, அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் வளரும். 6 அடி நீளம், 2 அடி அகலத் தொட்டியில் நிம்மதியாக இருக்கும். சாப்பாடு போடுகிற ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு ஓடி வரும். பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அதோடு சின்ன மீன்களை மட்டும் விடாதீர்கள்.