பலவின்பால், புளி, மஞ்சள் தாள்

ஜூலை 8, 2024, திங்கள்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டும் என் பொறுப்பு. இன்று ஐம்பால். ஒருவர் கையில் எழுவாய் அட்டை, இன்னொருவர் கையில் வினை அட்டை, அவரவர் ஜோடியைத் தேடிப்போய் நிற்க வேண்டும். அவன் வந்தான், அவள் வந்தாள் எல்லாம் நொடியில் சேர்ந்துவிட்டார்கள். 'மாடுகள்' வைத்திருந்தவன் மட்டும் நேரே 'வந்தது' பக்கத்தில் போய் நிற்க, அங்கே ஏற்கெனவே 'மாடு' நின்றதால் தள்ளுமுள்ளு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் யார் 'வந்தன' என்று பேசுகிறார்கள்? மாடுங்க வந்துச்சுதான். மற்ற நாலு பாலையும் காதே திருத்திக் கொடுத்துவிடும், அஃறிணைப் பன்மையான பலவின்பாலுக்கு அந்த உதவி கிடையாது.

ஜூலை 9, செவ்வாய்

அதனால் இன்று பலவின்பால் மட்டும். ஆளுக்கு இரண்டு துண்டுச் சீட்டு, ஒன்றில் 'கள்', மற்றதில் 'ன'. பெயரில் கள் வைத்தால் வினையில் ன வைக்கணும், எடுத்தால் இரண்டையும் எடுக்கணும். வெளியே விட்டேன். இலைகள் விழுந்தன, கோழிகள் மேய்ந்தன, செருப்புகள் கிடந்தன (இது யார் எழுதியது என்று கேட்டுச் சிரித்தோம்). ஒருத்தி வந்து, "டீச்சர், பெண்களும் கள்தானே, பெண்கள் வந்தனவா?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னே அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நாம என்ன கோழியா?" என்றாள். உயர்திணை, அஃறிணைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வராது.

ஜூலை 11, வியாழன்

வாசிப்பு. சத்தம் போட்டு வாசிக்கவிட்டால் முன்னால் இருப்பவனின் குரலைப் பிடித்துக்கொண்டே பாதிப் பேர் ஓட்டிவிடுவார்கள், அதனால் வாயே திறக்கக் கூடாது. சீட்டை எடு, மனதுக்குள் படி, அதில் உள்ளதைச் செய். மேசையில் வாழைப்பழத் தோல், கொஞ்சம் புளி, ஒரு புலிப் படம். 'தோளைத் தொடு' என்ற சீட்டுக்குப் பழத்தோலைத் தொட்டவனைப் பார்த்து வகுப்பே கூவியது, அவன் சீட்டைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவன் தோளில் ஒரு தட்டு தட்டினான். புளிக்கும் புலிக்கும் அதே கதை. செயல்பாடு என்றால் எனக்கு அளவுகோல் ஒன்றுதான், சரியா தப்பா என்று என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைக்கே தெரிய வேண்டும். வண்ண சார்ட், கைதட்டல், பாட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடைசியில் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள் என்றால் அது பழைய கரும்பலகைப் பாடம்தான்.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள். பேச்சுப் போட்டி, மிட்டாய். பாடம் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

அறிவியல். மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் பூசி, காயவைத்து, நறுக்கிக் கொடுத்தேன். எது சிவக்கும், எது சிவக்காது என்று முதலில் எழுதச் சொன்னேன், எழுதாதவனுக்குத் துண்டு கிடையாது. துணி சோப்புத் தண்ணீர், வெற்றிலைச் சுண்ணாம்பு, எலுமிச்சை, மோர், சர்க்கரைத் தண்ணீர். முதல் இரண்டும் செக்கச்செவேல். சிவந்த இடத்தில் எலுமிச்சை விட்டால் பழையபடி மஞ்சள், இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து சோப்புத் தண்ணீரைக் காலி செய்தார்கள்.

அப்புறம் ஒருவன் எழுதியிருந்தான்: 'எலுமிச்சையில் சிவக்கவில்லை, சர்க்கரையில் சிவக்கவில்லை, ஆகவே இரண்டும் ஒரே ஜாதி.' தாள் காட்டியதை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வதில் ஓட்டையே இல்லை. புளிப்பையும் புளிப்பில்லாததையும் மஞ்சள் பிரித்துக் காட்டாது, சிவக்காவிட்டால் காரப்பொருள் இல்லை என்பதோடு அதன் வேலை முடிந்தது. நாக்கை வைத்துப் பார்க்கலாமே என்றான். கூடாது, சோப்பும் சுண்ணாம்பும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஜூலை 18, வியாழன்

நேற்று மொகரம் விடுமுறை. இன்று ஆளுக்கொரு செம்பருத்தி, வெந்நீரில் ஊறவைத்த சாறு. எலுமிச்சை விட்டதும் பளீரென்று இளஞ்சிவப்பு, சோப்புக்குப் பச்சை, சர்க்கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை எழுதியவன் தன் வரியை அடித்துவிட்டு 'மூன்று ஜாதி' என்று மாற்றிக்கொண்டான், அமிலம் காரம் என்ற பேரெல்லாம் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்குப் புளித்தண்ணீர், சாம்பல் தண்ணீர், ஷாம்பு பாக்கெட் கொண்டுவருகிறார்களாம். போர்த் தண்ணீரையும் சோதிக்கணுமாம்.