மாக்கியவெல்லிக்கு முன்னால் கொஞ்சம் பாரசீகம்

இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி அரசாட்சி பற்றி எழுதிய ‘இளவரசன்’ படிக்கலாம் என்று எங்கள் வாசிப்புக் குழுவில் பேச்சு வந்தது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், அவருக்கு முன்பு அரசர்களுக்கு என்னென்ன புத்தி சொல்லி வந்தார்கள் என்று முதலில் பார்ப்போம் என்றேன். பட்டியல் போடும் வேலை என் தலையிலேயே விழுந்தது.

ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்க வேண்டும், அங்கங்கே சில அத்தியாயங்கள் படித்தாலும் பேச விஷயம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே பாதி கழிந்துவிட்டது. ரோமின் ஜைல்ஸ் என்ற இடைக்காலக் கிறித்தவ அறிஞர், பிரான்சின் நான்காம் ஃபிலிப் இளவரசனாக இருந்தபோது எழுதிக்கொடுத்த பெரிய நூலை விட மனசில்லைதான். ஆனால் கதைகள் அபூர்வம், வாதத்துக்கு மேல் வாதம். குழுவுக்குச் சரிவராது.

காபூஸ்நாமா என்ற பாரசீக நூலில் தொடங்கினோம். காஸ்பியன் கடலுக்குத் தெற்கே ஆண்ட கைகாவூஸ் தன் மகன் கீலான்ஷாவுக்கு 1082 வாக்கில் எழுதியது. 44 அத்தியாயங்கள். குதிரை வாங்குவது, அடிமை வாங்குவது எல்லாம் வந்த பிறகு, கிட்டத்தட்ட முடிவில்தான் அரசாட்சி வருகிறது. மதுவைப் பற்றிய அத்தியாயத்தில் குடி என்றும் சொல்லவில்லை, குடிக்காதே என்றும் சொல்லவில்லை. சொன்னால் இளைஞர்கள் கேட்கவா போகிறார்கள், எனக்கும்தான் சொன்னார்கள், ஐம்பது வயது தாண்டித்தான் திருந்தினேன் என்கிறார். குழுவில் எல்லாருக்கும் கைகாவூஸைப் பிடித்துப்போனது.

அப்புறம் சியாசத்நாமா, இதுவும் பாரசீக நூல்தான். செல்ஜுக் என்ற துருக்கிய அரசகுலத்துச் சுல்தான் மாலிக் ஷாவுக்கு அவருடைய வசீர், அதாவது தலைமை அமைச்சர், நிஜாம் அல்-முல்க் எழுதியது. வாரத்தில் இரண்டு நாள் அரசன் உட்கார்ந்து மக்களின் முறையீட்டை நேரடியாகக் கேட்க வேண்டும் என்கிறார். அங்கே ஒரு காது மந்தமான அரசனின் கதை: நடுவில் இருப்பவர்கள் வழக்கைத் திரித்துச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, முறையிட வருபவர் மட்டும் சிவப்பு உடுத்த வேண்டும், வேறு யாரும் உடுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டான். யானை மேல் ஏறி வெளியே வந்து, சிவப்பு தெரிந்த இடத்தில் ஆளைத் தனியே அழைத்து உரக்கச் சொல்லச் சொன்னான். அன்றைய பேச்சு முழுக்க இந்தக் கதையிலேயே நின்றுவிட்டது. இடையில் இருப்பவனை நம்பாதே என்று அறிவுரை எழுதுபவரே அரசனுக்கும் மக்களுக்கும் இடையில் இருக்கும் வசீர்தான், அதைக் கவனியுங்கள் என்றார் ஒருவர். எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்து வந்த ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸை வேகமாகக் கடந்தோம். 1516இல், பின்னால் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆன இளம் சார்லஸுக்கு எழுதிய நூல். அரசகுலங்கள் எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்று, கல்யாணத்தாலேயே ராஜ்யங்கள் சேர்த்த ஹாப்ஸ்பர்க் அரசகுலத்துப் பிள்ளையிடமே சொல்கிறார். துணிச்சல்தான். மற்றபடி உபதேசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது.

இப்போது மாக்கியவெல்லி. அவர் எழுதியது 1513இல், அச்சானது 1532இல். கால வரிசைப்படி எராஸ்மஸுக்கு முன்னால் வர வேண்டியவர், வேண்டுமென்றேதான் பின்னால் வைத்தேன். நல்ல அரசன் வாக்கைக் காப்பான் என்று இத்தனை பேர் சொல்லிக் கேட்ட பிறகு, தேவைப்பட்டால் அரசன் வாக்கை மீறலாம் என்று சொல்லும் 18ஆம் அத்தியாயத்துக்கு வந்தால், அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அதனால் 15 முதல் 18 வரை முதலில் முடித்தோம். அடுத்த கூட்டத்துக்கு 7ஆம் அத்தியாயம். போப்பின் மகனும் படைத்தலைவனுமான செசாரே போர்ஜா தன் சொந்த அதிகாரியையே இரண்டு துண்டாக்கி இத்தாலியின் செசேனா நகரச் சதுக்கத்தில் போட்டுவைத்த இடம் அதில்தான் வருகிறது. உரக்க வாசிக்க இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.