ஜூரி அழைப்பு

"உங்கள் வீட்டில் யாராவது போலீஸில் இருக்கிறார்களா?" ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, ஆள் எடுக்க நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு முன்னால் இருந்த இளைஞர், "போலீஸ் சாட்சி சொன்னால் நான் நம்பமாட்டேன்" என்றார். நீதிபதிக்குக் கோபமே வரவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

கலிபோர்னியாவில் முதல் நாளுக்குப் படி கிடையாது. அப்புறம் தினம் 15 டாலர். (மதியச் சாப்பாட்டுக்கே சரியாய்ப் போகும்.) அன்றைக்கு எந்த வழக்குக்கும் எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எடுத்துவிட்டால் வழக்கு முடியும்வரை வரவேண்டும்.

இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கான ஜூரி 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. சட்டம் படித்த நீதிபதி போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே குற்றவாளி என்று சொல்ல பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். அதில் ஒருவர் பஸ் டிரைவர், ஒருவர் பல் டாக்டர்.

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபீஸில் மேனேஜருக்குத்தான் பிடிக்கவில்லை.